டீ-ஷர்ட் இலவசம் என்றால் விலை இறங்கப் போகிறது

கம்ப்யூட்டரில் கேம் விளையாட மாட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பத்தாவது வரைதான் படித்தேன். அதற்கு எதற்கு இரண்டு விசிறி, ஏன் அவ்வளவு கனம் என்று பல பேர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். நானும் பொறுமையாகத் தலையை ஆட்டியிருக்கிறேன். ஆனால் அதன் விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கேட்டால் ஓரளவு சொல்வேன். புதுவாயல் கூட்டுரோட்டில் நம் கடையின் போன் பக்கத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்ததில் கற்றது அது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நேரில் வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் எதிரில் நின்று பேச எனக்கு இன்றும் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பில் போடுவது, சரக்கு அடுக்குவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும், நான் பட்ட பாட்டோடு சொல்கிறேன்.

முதலில் என் கூச்சத்தைப் பற்றி. கடையில் என்னைச் சேர்த்தது போன் எடுக்க. போனில் பேச எனக்கு வராது என்பதை முதலாளியிடம் சொல்லவும் எனக்குக் கூச்சம். எல்லோரும் அவரை 'பாய்' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம். கருவாட்டில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டரில் வந்து நின்றிருந்தார். "ரெண்டுமே ஒண்ணுதான் தங்கச்சி. நாளாவ நாளாவ ஒண்ணு வெல ஏறும், ஒண்ணு வெல எறங்கும், அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

சென்னையில் கம்ப்யூட்டர் சரக்குக்குப் பேர்போன ரிச்சி தெருவில் இருக்கும் டீலர் ஆபீஸுக்கு நான் போன் போட்டு விலை கேட்க வேண்டும். அங்கே எடுப்பவர் பெயர் கணேஷ். அவர் விலையைச் சொல்வார். பதிலுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஜாஸ்தின்னு நெனைக்கிறீங்களா? சரி, உங்களுக்காக இருநூறு கொறைச்சுக்கலாம்."

அதற்கும் என்ன சொல்வது என்று தெரியாது.

"மேடம், முன்னூறு. இதுக்கு மேல சத்தியமா என் கையில இல்ல."

இப்படியே ஒரு வருடம் போனது. ரிச்சி தெருவில் நான் பெரிய கறார் பேர்வழி என்று பெயர் வாங்கியிருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். பாய்க்கு உண்மை தெரியும். "வாயத் தொறந்துடாத தங்கச்சி, நஷ்டமாயிடும்" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நாட்களில் உசத்தியான கார்டு செய்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் டப்பா பச்சை, மற்றவர் டப்பா சிவப்பு. கடையில் நாங்கள் பச்சை, சிவப்பு என்றே சொல்வோம். இவர்கள் விலை வைக்கும் விதத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. நம் கூட்டுரோட்டிலிருந்து பெரியபாளையம் போகும் ஷேர் ஆட்டோக்களைப் பாருங்கள். ஒரே ஒரு ஆட்டோ நிற்கும்போது டிரைவர் நம்மை ஏறிட்டும் பார்க்க மாட்டார். சொன்ன காசு கொடுக்க வேண்டும், பாதி உடம்பு வெளியே தொங்க வேண்டும். பின்னால் இன்னொரு ஆட்டோ வந்து நின்று ஒரு ஹாரன் அடிக்கட்டும். "வாங்கக்கா, உள்ள தாராளமா ஒக்காருங்க, ரெண்டு ரூபா கம்மியா குடுங்க" என்று பையை வாங்கி வைப்பார். ஆட்டோவும் அதே ஆட்டோ, ரோடும் அதே ரோடு.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் பச்சைக்காரர் புதிதாக ஒரு பெரிய கார்டு விட்டார். நம் கடை விலை முப்பத்தெட்டாயிரம். அன்றைக்கு அந்தக் காசில் ஒரு நல்ல கம்ப்யூட்டரே வாங்கி, மேலே ஒரு பிரிண்டரும் வாங்கலாம். சிவப்புக்காரரிடம் அதற்கு ஈடாக எதுவும் அப்போது இல்லை. ஒற்றை ஆட்டோ.

அந்தக் கார்டில் நாலு வேண்டும் என்று வந்து நின்றார் முரளி. முப்பது வயது இருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கம் சொந்த ஊர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு மில்லில் எட்டு வருடம் ஷிஃப்ட்டு பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, மாமனார் ஊரான திருநின்றவூரில் ஸ்டேஷன் பக்கத்தில் கேம் சென்டர் திறக்கப் போவதாகச் சொன்னார். காலேஜ் பிள்ளைகள் ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள், மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. அடுத்த ஸ்டேஷனில் ஏற்கெனவே ஒரு சென்டர் இருந்தது.

"அவன் பழைய கார்டு வெச்சிகினு ஓட்றான்கா. நான் டாப்பு கார்டு போட்டா மொத்தக் கூட்டமும் இங்கதான். மில்லு டப்பு மொத்தமும் இதுலதான் எறக்குறேன். உட்டா புடிக்க முடியாது."

மில்லு டப்பு என்றது, வேலையை விட்டபோது கைக்கு வந்த பணம். அதில் கம்ப்யூட்டர், மேசை, ஏசி எல்லாம் வாங்கியது போக மிச்சம் இருந்ததை இந்த நாலு கார்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

நான் கணேஷுக்குப் போன் போட்டேன். பத்து தடவை அடித்தால் ஒரு தடவை எடுத்தார். "மெட்ராஸ்லயே ஒரு பீஸ் இல்ல மேடம். பெங்களூருல ரெண்டு பேரு அட்வான்ஸ் கட்டிட்டு ஒக்காந்திருக்காங்க." இரண்டு வாரம் அலைக்கழித்து, ஒரு வியாழக்கிழமை நாலு டப்பா வந்து சேர்ந்தது. அலமாரியில் அடுக்கி வைத்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சனிக்கிழமை முரளி பணத்தோடு வந்து எடுத்துப் போவார், ஞாயிறு காலை திறப்பு விழா.

வெள்ளிக்கிழமை காலை நான் கடைக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. கணேஷ். தானாகவே.

"மேடம், நாஷ்டா ஆச்சா?"

நான் வேலைக்குச் சேர்ந்த பதினோரு மாதத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"அந்தக் கார்டு இன்னும் பத்து பீஸ் தரட்டுமா? உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்."

வழக்கம்போல நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பத்து எடுத்தா கம்பெனி டீ-ஷர்ட் பத்து ஃப்ரீ மேடம். எக்ஸ்எல் சைஸ். துணி சூப்பரா இருக்கும்."

மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். டீ-ஷர்ட்டோடு ஒரு மவுஸும் சேர்ந்திருந்தது. சாயங்காலம் மூன்றாவது தடவை.

வியாழக்கிழமை வரை ஊரில் ஒரு பீஸ் இல்லை, வெள்ளிக்கிழமை பத்து பீஸோடு டீ-ஷர்ட். ஒரே ராத்திரியில் பத்து கார்டு எங்கிருந்து முளைத்தது? தெருமுனையில் இரண்டாவது ஆட்டோ வந்துவிட்டது, அதன் ஹாரன் ரிச்சி தெருவில் கேட்டுவிட்டது, நமக்கு இன்னும் கேட்கவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. சரக்கு கிடைக்காதபோது டீலர் போனை எடுக்க மாட்டார். சரக்கைத் தள்ள வேண்டியிருக்கும்போது நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்பார்.

நம்மிடம் இருக்கும் நாலு டப்பாவைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஏன் என்று சொல்கிறேன். நம் தொழிலில் 'ப்ரொடெக்‌ஷன்' என்று ஒரு வழக்கம் உண்டு. நாம் சரக்கு எடுத்த முப்பது நாளுக்குள் கம்பெனி விலையைக் குறைத்தால், சீல் உடைக்காத டப்பாவுக்கு மட்டும் அந்த வித்தியாசத்தை டீலர் நமக்குக் கழித்துத் தருவார். சீல் உடைந்தால் போச்சு. ஆகவே டப்பா நம் அலமாரியில் இருக்கும்வரை நஷ்டம் கம்பெனிக்கு. முரளி வாங்கிப் பிரித்த நிமிடத்திலிருந்து நஷ்டம் முரளிக்கு. அவருக்கு நஷ்டம் கழித்துத் தர மேலே யாரும் கிடையாது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முரளி பைக்கில் வந்தார். முதுகில் ஒரு பை. பணம் அதில்தான் இருக்கிறது என்பது, அவர் அதைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. பாய் கடையில் இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குப் பழவேற்காடு போயிருந்தார். போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல்.

"பாய், முரளி வந்துகிறாரு. கார்டு வெல எறங்கும்போல இருக்குது. குடுக்கறதா வேணாமா?"

"எவன் சொன்னான் எறங்கும்னு?"

"யாரும் சொல்லல. டீ-ஷர்ட் ஃப்ரீன்னாங்க."

"இன்னாது?"

"டீ-ஷர்ட்டு."

"தங்கச்சி, நான் பந்தியில ஒக்காந்துகினு இருக்கேன். பிரியாணி இப்பதான் எலைக்கு வந்துது. நீயே பாத்துக்க." வைத்துவிட்டார்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சனிக்கிழமை வரும். எதிரில் ஆள், ஆளிடம் பணம், அலமாரியில் சரக்கு. எடுத்துக் கொடுத்துவிட்டால் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டதைத்தானே கொடுத்தோம்? மாற்றிச் சொல்லி, விலை இறங்காமல் போனால் அத்தனையும் நம் தலையில். கையில் இருக்கும் சாட்சி ஒரு பனியன் துணி.

"முரளி, இத்த இன்னைக்கி எடுக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர், "இன்னாக்கா?" என்றார். மறுபடி சொன்னேன்.

"நாளைக்கிக் கடை தெறப்புக்கா! கவுன்சிலர் ரிப்பன் வெட்ட வர்றாரு. கார்டு இல்லாம ரிப்பன் வெட்டிட்டு உள்ள இன்னா காட்றது, ஏசியவா?"

"வெல எறங்கும்னு தோணுது."

"தோணுதா? ஏன்கா, யாராச்சும் சொன்னாங்களா, பேப்பர்ல வந்துதா?"

டீ-ஷர்ட் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"டீ-ஷர்ட்ட நம்பி நான் கடை தெறக்காம உக்காரணுமா? நல்லா பேஜார் பண்றீங்க."

அப்போதுதான் அடுத்த அலமாரியில் இருந்த போன வருடத்து பச்சை கார்டுகளைப் பார்த்தேன். அப்போதைய விலை பதின்மூன்றாயிரம். நாலு எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இத்த போட்டு நாளைக்கித் தெறங்க. பெரிய கார்டு வெல எறங்கினதும் இத்தக் கொண்டாந்து குடுத்துட்டு அத்த எடுத்துகினு போங்க. பணத்த உள்ளயே வெச்சிகினு இருங்க."

முரளி கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. "எங்க ஊட்டுல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நாலையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பாய் திங்கட்கிழமை வந்தார். அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வர்ற கஸ்டமரெல்லாம் இப்படி ஓட்டி உட்டுட்டா நானும் கருவாட்டுக்கே போயிடறேன்" என்றார். ஆனால் டப்பாக்களை வேறு யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் விலை இறங்கவில்லை.

ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. முரளி தினம் போன் போடுவார். "அக்கா, இன்னா ஆச்சு?" "இன்னும் இல்ல." "டீ-ஷர்ட்டாவது வந்துதா?" பதினைந்தாவது நாள் அவர் நேராக ரிச்சி தெருவுக்கே போய் விலை கேட்டிருக்கிறார். அங்கேயும் முப்பத்தெட்டுதான். "ஒரு ரூபா கொறையலக்கா. உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க" என்று சொல்லி வைத்தார். நான் கணேஷைக் கூப்பிட்டு, கூச்சத்தை விட்டு, எதற்கு அன்றைக்கு டீ-ஷர்ட் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "பண்டல் வந்துது மேடம், ஆபீஸ்ல வெக்க எடமில்ல" என்றார். அன்று முழுக்க நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைச் சுவரில் இருந்த காலண்டரில் தினம் ஒரு நாளை அடித்துக்கொண்டே வந்தேன். முப்பது நாள் தாண்டிவிட்டால் சீல் இருந்தும் பயனில்லை, நாலு டப்பாவும் நம் தலையில். இருபத்து நாலு. இருபத்தைந்து. பாய் இப்போது கிண்டல் செய்வதையும் நிறுத்தியிருந்தார், அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

இருபத்தேழாம் நாள் காலை கணேஷுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேறு இரண்டு டீலர்களும் எடுக்கவில்லை. பத்தரை மணிக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நம் கஸ்டமர் ஒருவர் ஹார்ட்டிஸ்க் வாங்க வந்தார். பேச்சுவாக்கில், "சிவப்புக்காரன் புது கார்டு உட்டுட்டான், தெரியுமா? பச்சை ஓடுற ஓட்டத்துல முக்கால்வாசி ஓடுதாம், வெலை பாதிதானாம்" என்றார். பதினொன்றரைக்கு டீலர் ஆபீஸிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. பெரிய பச்சை கார்டின் புது விலை இருபத்தொன்பதாயிரம்.

ஒரு கார்டுக்கு ஒன்பதாயிரம். நாலுக்கு முப்பத்தாறாயிரம். முரளி மில்லில் எத்தனை மாதம் ஷிஃப்ட்டு பார்த்தால் அவ்வளவு வரும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஃபேக்ஸை எடுத்துப் போய்ப் பாயின் முன்னால் வைத்தேன். அவர் படித்தார், காலண்டரைப் பார்த்தார். "சீல போய் ஒரு தரம் பாத்துட்டு வா" என்றார். நாலும் பத்திரமாக இருந்தன. வித்தியாசத்தை டீலர் மறுபேச்சில்லாமல் கழித்துக் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். என் தப்பு இனிமேல்தான் வருகிறது.

மறுநாள் முரளி வந்தார். அதே பை. ஆனால் இந்தத் தடவை அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் நாலு டப்பாவையும் தூசி தட்டி எதிரில் வைத்தேன். அவர் ஒன்றை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணு போதும்கா."

"மீதி?"

"நீங்க குடுத்த நாலே நல்லாதான் ஓடுது. ஒரு மாசமா பசங்க ஆடறானுங்க, உள்ள இன்னா கார்டுன்னு ஒருத்தன் கேக்கல. ஏசி ஜில்லுனு இருக்குதா, அத்தத்தான் கேக்கறானுங்க."

"அப்ப இந்த ஒண்ணு எதுக்கு?"

"புதுசா அஞ்சாவது மிஷின் போடறேன். வாசல் பக்கம். அதுல மணிக்குப் பத்து ரூபா ஜாஸ்தி. அதுக்குன்னே க்யூல நிப்பானுங்க. நிக்கறவன் சும்மா நிப்பானா? மீதி நாலுல ஒக்காந்து ஆடுவான்."

யோசித்துப் பாருங்கள். பச்சைக்காரரும் சிவப்புக்காரரும் செய்வது இதுவேதான். பெரிய கார்டை நிறைய விற்று அவர்கள் பிழைப்பதில்லை. அதைப் பார்க்கக் கடைக்கு வருகிறவர்களுக்கு நடுத்தரக் கார்டை விற்றுப் பிழைக்கிறார்கள். எட்டு வருடம் இரும்பு உருக்கியவருக்கு அது ஒரே மாதத்தில் பிடிபட்டிருக்கிறது. அன்று பணத்தை வாங்கிக்கொண்டு நாலையும் கொடுத்திருந்தால், ஐந்தாவது மிஷினுக்கு அவரிடம் பத்து பைசா இருந்திருக்காது.

நான் பில் புத்தகத்தை எடுத்தேன். பெரிய கார்டு ஒன்று, இருபத்தொன்பதாயிரம். போன வருடத்துக் கார்டு நாலு. அங்கே பேனா நின்றது. பெரிய கார்டின் விலை இறங்கினால் அதற்குக் கீழே இருப்பது எல்லாமும் கூடவே இறங்கும். அந்தச் சின்னக் கார்டின் அன்றைய விலை பத்தாயிரம். முரளியிடம் கொடுத்த அன்று பதின்மூன்று. முரளி சீல் உடைத்து ஒரு மாதம் ஓட்டிவிட்டதால் அதற்கு ப்ரொடெக்‌ஷனும் இல்லை. எந்த விலைக்குக் கொடுக்கிறேன் என்று அந்தச் சனிக்கிழமை நான் சொல்லவே இல்லை. திருப்பித் தரப் போகிறார் என்ற நினைப்பு ஒரு பக்கம். முதல் தடவையாக அவ்வளவு பேசியதில் மூச்சு வாங்கி, விலையைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டது மறு பக்கம்.

"இன்னைய வெலைதானேக்கா?" என்றார் முரளி. அவர் ஏமாற்றவில்லை. இன்றைய விலை என்றால் என்ன என்று ஒரு மாதமாக அவருக்குப் பாடம் நடத்தியதே நான்தான்.

பத்தாயிரம் என்று எழுதினேன். நாலுக்குப் பன்னிரண்டாயிரம் கடைக்கு நஷ்டம். என் நாலு மாதச் சம்பளம்.

முரளி போனதும் பாயிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லி, "என் சம்பளத்துல புடிச்சிக்கங்க பாய்" என்றேன்.

"அவன்கிட்ட வெலையச் சொல்லாமலே குடுத்தியா?"

"ஆமா."

"ஏன்?"

"வெக்கமா இருந்துது."

பாய் பேனாவை மூடி வைத்தார். கோபம் வரும் என்று நின்றேன். அந்த நேரம் பார்த்து டீக்காரர் கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சம்பளத்துல புடிக்கறது கெடக்கட்டும். தோ, இவருதான் கஸ்டமரு. இவருக்கு அந்தக் கார்டக் குடு பாக்கலாம். வெலையோட."

டீக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கஸ்டமருக்குக் காட்டுவதற்கென்று டப்பா இல்லாமல் வைத்திருந்த போன வருடத்துக் கார்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, "இன்னைக்கி வெல பத்தாயிரம்" என்றேன்.

"ரோட்ல போற லாரிக்காரனுக்குக் கேக்கணும்" என்றார் பாய்.

"இன்னைக்கி வெல பத்தாயிரம்! திருப்பிக் குடுத்தா ஒம்பது! வெச்சிக்கினா பத்து! நாளைக்கி எறங்கினாலும் பத்துதான்!"

கடையில் வேலை செய்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்காரர் கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு, கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"எட்டுன்னா குடு தங்கச்சி" என்றார்.

"முடியாது" என்றேன்.